அயல்நாட்டுக் குளத்தில் மூன்று இரவுகள்

மீன்வளத் துறையில் முப்பத்தாறு ஆண்டுகள் பணியாற்றி, 2012ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றோம். அவ்வளவு காலத்திலும் ஒரு முறையேனும் தூண்டில் போட்டுக் கெண்டை பிடித்ததில்லை என்றால் நேயர்கள் வியப்புறலாம். வலையால் பிடித்திருக்கிறோம், குளத்து நீரை வடித்துக் கூடை கூடையாக அள்ளியிருக்கிறோம், சினை முற்றிய மீனுக்கு ஊசி போட்டு முட்டையிடச் செய்திருக்கிறோம். மீன் என்பது நமக்கு டன் கணக்கு. ஓர் ஏக்கருக்கு இத்தனை குஞ்சு, இத்தனை மாதத்தில் இத்தனை கிலோ என்னும் பேரேட்டுக் கணக்கு. ஒற்றை மீனுக்காக ஒரு மனிதன் இராப்பகலாய்க் கரையில் உட்கார்ந்திருப்பான் என்பதை நாம் முதன்முதலில் அறிந்தது நீலகிரியில்.

1983ஆம் ஆண்டில் அலுவல் நிமித்தம் உதகையில் தங்கியிருந்தோம். ஒரு நாள் ஆங்கிலேயர் ஒருவர் உரிய கட்டணத்தைச் செலுத்தி, அணைக்கட்டு ஒன்றின் கரையில் தூண்டிலுடன் அமர்ந்தார். காலையில் அமர்ந்தவர் மாலையில்தான் எழுந்தார். இடையே மூன்று கிலோவுக்குக் குறையாத கண்ணாடிக் கெண்டை ஒன்று அவருக்கு அகப்பட்டது. அதை ஈரச் சாக்கின்மேல் கிடத்தி, ஒரு படம் எடுத்துக்கொண்டு, மெல்ல நீரில் இறக்கிக் கைவிட்டார். நமக்கு உண்டான ஆத்திரம் இன்றும் நினைவிருக்கிறது. அரசாங்கம் செலவு செய்து குஞ்சு விட்டு வளர்த்த மீன். மூன்று குடும்பம் ஒரு வேளை உண்ணத்தக்க மீன். "ஏன் ஐயா விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்டோம். "மறுபடியும் இதைப் பார்க்க வேண்டுமே!" என்றார். அவரைப் பித்தர் என்று குறிப்பேட்டில் எழுதவில்லை, மனத்தில் எழுதிக்கொண்டோம்.

அந்தக் கெண்டை நம் நாட்டுக்கு உரியதன்று. கட்லாவும் ரோகுவும் மிர்காலும் நம் ஆற்று மீன்கள். சாதாக் கெண்டை என்று நாம் வழங்கும் ஐரோப்பிய இனம் 1939ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டு உதகை ஏரியில் விடப்பட்டது. பாங்காக் வகை எனப்படும் இன்னொரு கிளை 1957இல் கட்டாக்குக்கு வந்தது. ரோகுவும் கட்லாவும் தேங்கிய குளத்தில் தாமாக முட்டையிடுவதில்லை. பெருக்கெடுத்த ஆறு வேண்டும் அவற்றுக்கு. அதே 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள் ஒடிசாவின் அங்குல் என்னும் ஊரில் ஹீராலால் சௌதுரியும் அலிகுஞ்ஞியும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியால் செலுத்தி, அந்த மீன்களைக் குளத்திலேயே முட்டையிடச் செய்தார்கள். அந்த நாளைத்தான் இன்று மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடுகிறோம். சாதாக் கெண்டைக்கோ இந்த உபசாரம் ஒன்றும் வேண்டுவதில்லை. நீர்ப்பாசி இருந்தால் போதும். அதில் முட்டையை ஒட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடும். இந்த எளிமையே அதை உலகெங்கும் பரப்பிற்று. சில நாடுகளில் அதுவே தொல்லையாகவும் ஆயிற்று. அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்கிவிடுகிறது என்று ஆஸ்திரேலியர் அதைப் பகையாகவே கருதுகின்றனர்.

டான்யூப் ஆற்றின் பக்கத்திலிருந்து இந்த மீன் மேற்கு ஐரோப்பாவுக்குப் பரவியது இடைக்காலத்தில். புலால் விலக்கிய நோன்பு நாட்களில் மீன் உண்ணலாம் என்பது கிறித்தவத் துறவிகளின் விதி. கடலுக்கு எட்டாத மடங்கள் குளம் வெட்டிக் கெண்டை வளர்த்தன. செக் நாட்டில் ரோஜ்ம்பெர்க் என்னும் பெருங்குளத்தை 1584 முதல் 1590 வரை வெட்டினார்கள். நானூறு ஆண்டுகளைக் கடந்தும் அக்குளத்தில் நீரை வடித்துக் கெண்டை அள்ளுகிறார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் அந்நாட்டார் வீட்டில் கெண்டை வறுவல் இல்லாமற்போவது அரிது. இந்த வரலாறு முழுவதும் நமக்குப் புரியும். இது உணவின் வரலாறு.

புரியாதது இங்கிலாந்தில் தொடங்கிய மற்றொரு வரலாறு. ஐசக் வால்டன் 1653இல் வெளியிட்ட தூண்டில் நூலிலேயே கெண்டையை ஆறுகளின் அரசி என்று சிறப்பித்திருக்கிறார். ஆயினும் பெரிய கெண்டையைத் தூண்டிலால் பிடிக்க இயலாது என்பதே நெடுங்காலம் அங்கே நிலவிய எண்ணம். ரெட்மயர் என்னும் சிறு குளத்தில் 1952ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் ரிச்சர்டு வாக்கர் என்பவர் 44 பவுண்டு எடையுள்ள கெண்டையைப் பிடித்தார். பொழுது விடிந்ததும் இலண்டன் மிருகக் காட்சிசாலைக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னார். அவர்கள் வண்டி அனுப்பி அதைக் கொண்டுபோய்க் கண்ணாடித் தொட்டியில் வைத்தார்கள். 1971 வரை அது அங்கே உயிரோடிருந்தது. கிளாரிஸா என்று பெயர். அதே குளத்தில் 1980இல் கிறிஸ் யேட்ஸ் என்பவர் ஐம்பத்தொன்றரைப் பவுண்டு மீன் பிடித்தார். ஹங்கேரியில் 100 பவுண்டைத் தாண்டிய கெண்டைகளும் இப்போது அகப்பட்டுவிட்டன. எடை ஏறிக்கொண்டே போகிறது. உண்பவர் மட்டும் இல்லை.

ஓய்வு பெற்ற பின்னர் இவற்றையெல்லாம் படிக்கப் படிக்க, நீலகிரியில் நாம் பித்தர் என்று எழுதிவைத்த மனிதரின் விடை நம்மை விடாது அரித்தது. மகள் பாரிஸில் வாழ்கிறாள். 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் அவள் வீட்டிற்குச் சென்றிருந்தபோது, மூன்று இரவு தனியே ஒரு குளக்கரையில் தங்கிக் கெண்டைக்குத் தூண்டில் போட விரும்புகிறோம் என்றோம். "அப்பா, அறுபத்தைந்து வயதில் தனியாகவா?" என்றாள். அவளும் வருவதாகச் சொன்னாள், மறுத்துவிட்டோம். ஒருவர் உடனிருந்தால் பேச வேண்டும். பேசினால் பழைய கணக்குத்தான் வாயில் வரும்.

பாரிஸின் கிழக்கு நிலையத்தில் ரயிலேறி சாந்திஸியே என்னும் ஊரில் இறங்கினோம். அதனருகே தேர் என்னும் மாபெரும் ஏரி உண்டு. 4,800 ஹெக்டேர் பரப்பு. மார்ன் ஆற்றின் வெள்ளம் பாரிஸை அழிக்காதிருக்க 1974இல் அதை நிரப்பினார்கள். மூன்று சிற்றூர்கள் அதற்குப் பலியாயின. ஷாம்போபேர் என்னும் ஊரின் தேவாலயம் மட்டும் நீரோரத்து நாக்குப் போன்ற மேட்டில் தப்பி நிற்கிறது. சுற்றிலும் ஊர் இல்லை. நுயிஸ்மான் என்னும் ஊரின் மரத் தேவாலயத்தைப் பிரித்து வேறிடத்தில் கொண்டுபோய்க் கட்டினார்கள். மேட்டூர் அணையில் நீர் வற்றும்போது நந்தியையும் பழைய கோபுரத்தையும் பார்த்துப் பழகிய நமக்கு அந்த ஒற்றைத் தேவாலயத்தைக் கடந்து போவது எளிதாக இல்லை. வண்டியைச் சற்று நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தோம்.

நாம் தங்கியது அந்த ஏரியில் அன்று. அதனருகே தனியார் ஒருவருக்கு உரிய பழங்குளத்தில். அந்த ஈரநிலத்தில் துறவிகள் வெட்டிய குளங்கள் பல. பிரான்சில் பொது நீர்நிலைகளில் இரவில் கெண்டை பிடிப்பதற்கு இடம் குறித்து விட்டிருக்கிறார்கள். மற்ற இடங்களில் சூரியன் மறைந்து அரைமணி நேரத்தில் தூண்டிலை எடுத்துவிட வேண்டும். அறுபது சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கெண்டையை உயிரோடு எடுத்துச் செல்வது அங்கே தண்டனைக்குரிய குற்றம். பெரிய கெண்டையைத் திருடித் தனியார் குளங்களுக்கு விற்பவர்கள் மலிந்ததால் வந்த சட்டம் இது. கோழித் திருட்டைக் கேட்டிருக்கிறோம். ஆட்டுத் திருட்டையும் கேட்டிருக்கிறோம். உண்பதற்கன்றி, மறுபடியும் நீரில் விடுவதற்காக மீனைத் திருடுவார் என்பது புதுமை.

குளத்துக்குரியவர் எழுபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெரியவர். முன்பு பயிர்த்தொழில் செய்தவர். ஓரளவு ஆங்கிலம் பேசுவார். தூண்டில் கோல்கள் இரண்டும் சுருள் படுக்கையும் சிறு கூடாரமும் அவரே வாடகைக்குக் கொடுத்தார். கெண்டைக்கு இரை கட்டும் முறையையும் அவரே விளக்கினார். அதைச் சிறிது விரித்துச் சொல்ல வேண்டும்; பின்னால் நேர்ந்ததற்கு அதுவே காரணம்.

கெண்டைக்குத் தாடையில் பல் இல்லை, தொண்டையில் இருக்கிறது. கண்ட பொருளையெல்லாம் அது வாய்க்குள் உறிஞ்சிப் பார்க்கும். ஐயம் தோன்றினால் மறுகணமே ஊதித் தள்ளிவிடும். முள்ளில் கோத்த இரையை அது நொடியில் கண்டுகொண்டது. ஏறத்தாழ 1980ஆம் ஆண்டையொட்டி லென்னி மிடில்டன், கெவின் மாடாக்ஸ் என்னும் இருவர் ஒரு வழி கண்டார்கள். இரையை முள்ளில் கோக்காமல், முள்ளிலிருந்து தொங்கும் ஒரு மெல்லிய இழையில் கட்டினார்கள். முதலில் ஒரு பெண்ணின் தலைமுடியைக்கொண்டே சோதித்தார்களாம். ஆகவே அதற்கு முடிக்கட்டு என்றே பெயர் நிலைத்துவிட்டது. இரை தடையின்றி வாய்க்குள் போகும். ஊதித் தள்ளும்போது பின்தங்கிய வெறுமுள் கீழுதட்டில் தைக்கும். தைத்த திகைப்பில் மீன் ஓடும். அடியில் கிடக்கும் ஈயக்குண்டின் கனம் முள்ளை இன்னும் ஆழ இறக்கும். மனிதன் கூடாரத்தில் உறங்கிக்கொண்டிருக்கலாம். நரம்பு ஓடினால் மின்சாரமணி அவனை எழுப்பும். இது வேட்டையோ கண்ணியோ என்று நமக்கு ஐயம் உண்டு.

இந்த ஈயக்குண்டு 85 கிராம். அதை நரம்போடு இறுகக் கட்டுவதில்லை. சிறு கவ்வியொன்றில் மாட்டி, இரப்பர் உறையொன்றால் இலேசாகப் பிடிக்கவைக்கிறார்கள். மீன் செடியிலோ கிளையிலோ சிக்கி நரம்பு அறுந்துபோனால், குண்டு கவ்வியிலிருந்து கழன்று விழுந்துவிடும், மீனுக்கு விடுதலை. முள் நாளடைவில் தானே உதிரும். பெரியவர் நம் கையில் ஒரு கட்டைக் கொடுத்துக் குண்டை இழுக்கச் சொன்னார். இழுத்தோம், கழன்று வந்தது. "எப்போதும் இப்படி இருக்க வேண்டும்" என்றார்.

இரையை நாமே செய்துகொண்டு போயிருந்தோம். ரவை, சோயா மாவு, முட்டை இவற்றைப் பிசைந்து, சீடை அளவில் உருட்டிக் கொதிநீரில் இட்டு எடுத்தால் மேல்தோல் இறுகிவிடும். சின்ன மீன்கள் கொத்திச் சிதைக்க இயலாது. அதில் பெருங்காயமும் சேர்த்திருந்தோம். மகள் வீட்டு அடுக்களை இரண்டு நாள் மணந்தது. அதனால் மாப்பிள்ளைக்கு நேர்ந்த சங்கடத்தை இங்கே சொல்ல வேண்டியதில்லை.

முதல் இரவு ஒன்றும் நிகழவில்லை. நிகழாமை என்பதைப் பற்றி நாம் அதற்குமுன் அறிந்திருந்தது குறைவு. அலுவலகத்தில் ஒன்றும் நிகழாத நாட்கள் உண்டு; ஆயினும் கடிகாரம் இருந்தது, தேநீர் வந்தது. இங்கே குளத்தின் எதிர்க்கரையில் சாய்ந்து கிடந்த காட்டலரி மரமும், அதன்மேல் அசையாது நின்ற நாரையும், நீரில் மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு கடந்த பெருச்சாளி போன்ற ஒரு விலங்கும் தவிர வேறொன்றும் இல்லை. ஊர்க் கோயில் மணி தொலைவில் ஒலித்தது. நள்ளிரவுக்குப் பின் ஒரு பெரிய மீன் நீருக்கு மேலே முழுதும் எழும்பி விழுந்தது. பலகையை நீரில் அறைந்தாற்போன்ற ஒலி. குளத்தில் மீன் துள்ளும் ஒலியை ஆயிரம் முறை கேட்டிருக்கிறோம். துள்ளல் மிகுந்தால் நீரில் உயிர்வளி குறைகிறதோ என்று அஞ்சி விசைநீர்க் குழாயைத் திறக்கச் சொல்வது வழக்கம். அன்று திறக்கச் சொல்ல ஆளும் இல்லை, குழாயும் இல்லை. வளையம் வளையமாக அலை கரைக்கு வந்து சேரும்வரை பார்த்திருந்தோம்.

இரண்டாம் நாள் பகலில் ஒரு தவறு செய்தோம். தூண்டிலை இழுத்தபோது செடியில் மாட்டி ஈயக்குண்டு ஒன்று கழன்று நீரில் போயிற்று. மாலைக்குள் இன்னொன்று போயிற்று. நம்மிடம் எஞ்சியிருந்தவை நான்கு. முப்பத்தாறு ஆண்டுகள் அரசாங்கப் பொருளுக்குக் கணக்குக் காட்டிய கை; ஒரு குண்டு தொலைந்தால் மனம் பொறுப்பதில்லை. கவ்வியின்மேல் இரப்பர் உறையை முடிந்த மட்டும் அழுத்தி ஏற்றினோம். அதற்குமேல் நைலான் இழையால் நாலு சுற்றுச் சுற்றி முடிச்சிட்டோம். இனிக் குண்டு போகாது என்று நிறைவோடு எதிர்க்கரை மரத்தின் பக்கமாக எறிந்துவிட்டு, கட்டிக்கொண்டு போயிருந்த புளியோதரையை உண்டோம்.

விடியலுக்கு இரண்டு நாழிகை இருக்கும்போது மணி அலறியது. கோலைக் கையில் எடுத்ததும் அது வளைந்த வளைவு நமக்கு அச்சத்தையே தந்தது. வலையில் மீன் இழுக்கும் இழுப்புப் பலருடைய கைகளுக்குப் பங்காகும். இங்கே முழுதும் ஒருவன் தோளுக்கு வருகிறது. அவசரம் இல்லாத இழுப்பு. ரீலிலிருந்து நரம்பு ஒரே சீராக உருவிக்கொண்டு போயிற்று. நிறுத்தப் பார்த்தோம்; நிற்கவில்லை. சாய்ந்த மரத்தின் கிளைகளுக்குள் அது புகுந்ததை நரம்பின் உராய்வில் கையால் உணர்ந்தோம். பிறகு ஒரு நடுக்கம். பிறகு கோல் நிமிர்ந்துவிட்டது. இருட்டில் அறுந்த நரம்பு காற்றில் நெளிந்து முகத்தில் வந்து பட்டது.

மீன் தப்பியது என்று முதலில் எண்ணினோம். கூடாரத்துக்குள் வந்து விளக்கேற்றி, அடுத்த கட்டை எடுத்து முடிச்சைப் பார்த்தபோதுதான் நாம் செய்தது விளங்கியது. குண்டு கழலாது. மீனின் உதட்டில் முள், முள்ளோடு குண்டு, குண்டோடு எத்தனையோ முழம் நரம்பு, அது கிளையில் சுற்றிக் கிடக்கிறது. அது தப்பவில்லை, கட்டப்பட்டிருக்கிறது. இரை தேட இயலாமல், கிளையைச் சுற்றிச் சுற்றி வந்து, எத்தனை நாளில் சாகும் என்பதைக் கணக்கிட நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கெண்டைக்கு இரைப்பை இல்லை. ஆனால் நெடுநாள் பட்டினி தாங்கும். குளிர்நீரில் மாதக் கணக்கில் உண்ணாதிருக்கும். அந்த அறிவு அன்று ஆறுதலாக இல்லை.

பல்லாயிரம் கெண்டையைச் சந்தைக்கு அனுப்பியவர் ஒன்றுக்காக வருந்துவதேன் என்று நேயர் கேட்கலாம். நாமும் கேட்டுக்கொண்டோம். அவை உணவாயின, ஒருவர் வயிறு நிறைந்தது. இது யாருக்கும் ஆகாமல், நாம் ஒரு குண்டை மிச்சப்படுத்திய கணக்கில் சாகிறது. பிடித்து விடுவதையே நோக்கமாகக் கொண்டு தூண்டில் போடுவதைச் சுவிட்சர்லாந்தின் சட்டம் தடுக்கிறது. பிடித்தால் உண்பதற்குப் பிடி என்பது அவர்கள் கட்சி. விட்டுவிடுவதே அருள் என்பது ஆங்கிலேயர் கட்சி. பகலில் இரண்டு கட்சிக்கும் நம்மிடம் வாதம் இருந்தது. அந்த இரவில் எதுவும் கைகொடுக்கவில்லை.

பொழுது புலர்ந்ததும் பெரியவர் வீட்டுக்கு நடந்தோம். பொய் சொல்லவும் வழி இருந்தது. நரம்பு அறுந்தது என்று மட்டும் சொல்லியிருந்தால் அவர் தலையசைத்துவிட்டிருப்பார். அது நாள்தோறும் நிகழ்வது. வாசற்படியில் நின்று நம் கையிலிருந்த மற்றொரு கட்டை நீட்டினோம். அவர் குண்டைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. மறுபடி இழுத்தார். முடிச்சுகளைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"நீங்கள் கட்டியதா, ஐயா?"

"நாமே கட்டியது."

"எங்கே அறுந்தது?"

மரத்தின் பக்கம் கையைக் காட்டினோம். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் நீண்ட காலணியும் கத்தரியும் எடுத்துக்கொண்டு வந்தார். அவர் கடிந்துகொண்டிருந்தால் நலமாயிருந்திருக்கும்.

தட்டையான அடியுடைய பழைய படகு. அவர் துடுப்பை எடுக்கப் போனார், வாங்கிக்கொண்டோம். காற்று அடியோடு இல்லை. சாய்ந்த மரத்தருகே போய்ப் படகை நிறுத்தி இருவரும் வாய் திறவாமல் இருந்தோம். நீரில் மூழ்கிய கிளைகள் கரிய நிறத்தில் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. கால் மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. மீன் அதற்குள் கிளையை விட்டு வேறெங்கோ குண்டை இழுத்துக்கொண்டு போயிருந்தால் அந்தக் குளத்தில் அதைத் தேடிக் காண்பது இல்லை. அப்போது, அசைவற்ற அந்தக் காலையில், நீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த ஒரு சிறு கொம்பின் நுனி மட்டும் இரண்டு முறை தலையாட்டியது. பெரியவர் நம் முழங்கையைத் தொட்டார்.

கொம்பின்மேல் நம் நரம்பு ஏழெட்டுச் சுற்றுச் சுற்றியிருந்தது. படகின் விளிம்பில் வயிறு அழுந்தக் குனிந்து, தோள்வரை கையை நீருக்குள் விட்டுக் கிளைகளை ஒவ்வொன்றாகத் தடவி நரம்பைத் தொடர்ந்தோம். அறுபத்தைந்து வயதில் அது எளிய வேலை அன்று. கடைசியில் கை ஓர் உயிரைத் தொட்டது. தொட்டதும் அது துடித்தது. துடித்ததில் முகமெல்லாம் சேறு. பெரியவர் அகலமான வலையை அடியில் செலுத்தித் தாங்கினார். நாம் நரம்பை வெட்டினோம்.

கண்ணாடிக் கெண்டைதான். பக்கவாட்டில் செதிலில்லாத பழுப்புத் தோல். முதுகை ஒட்டி ஒரு வரிசையும் வாலருகே தேய்ந்த நாணயங்கள் போன்ற நாலைந்து பெரிய செதில்களும். தோளில் கிளை உராய்ந்து சிவந்த தழும்பு புதிது. உதட்டில் முள் சீராக இறங்கியிருந்தது. வேறு புண் இல்லை. பெரியவர் அந்தச் செதில்களை ஒருமுறை பார்த்தார். வேறு எதையும் பார்க்க வேண்டியிருக்கவில்லை அவருக்கு. இவரை நமக்குத் தெரியும் என்பது போலத் தலையசைத்து, அது தம் மனைவி இருந்த நாளிலேயே பெரிய மீன் என்றார். மனைவி இறந்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்று நாம் கேட்கவில்லை.

முள்ளைக் கழற்றினோம். புண்ணில் மருந்து தடவினார். படகில் தராசு கிடந்தது. முப்பத்தாறு ஆண்டுப் பழக்கம். நம் கை தானாக அதன் பக்கம் போயிற்று. "இன்று வேண்டாம், ஐயா" என்றார். கையை எடுத்துக்கொண்டோம். எனவே அதன் எடையை நேயர்களுக்குச் சொல்ல இயலவில்லை. கண்ணளவில் பதினைந்து கிலோ இருக்கலாம். கண்ணளவு பெரும்பாலும் மிகையாகச் சொல்லும் என்பதை அறிவோம்.

வலையோடு நீரில் தாழ்த்திப் பிடித்திருந்தோம். செவுள்கள் ஒழுங்காகத் திறந்து மூடத் தொடங்கச் சிறிது நேரம் பிடித்தது. வலையின் விளிம்பை இறக்கினோம். உடனே போகவில்லை. நம் கைகளுக்கு இடையிலேயே, நீர் எவ்வளவு ஆழம் என்று எண்ணிப் பார்ப்பதுபோல் நின்றது. பிறகு வாலை ஒரே முறை அசைத்துக் கீழே இறங்கியது. அடிச்சேறு ஒரு புகைபோல எழுந்து அது போன திசையை மறைத்துவிட்டது. நீலகிரி ஆங்கிலேயர் அதே போன்ற புகையைப் பார்த்துக்கொண்டு நின்ற நிலை நினைவுக்கு வந்தது. அப்போது அவருடைய முகத்தை நாம் பார்க்கவில்லை; அவர் செலுத்திய கட்டணச் சீட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று பகல் முழுவதும் கரையில் அமர்ந்து கட்டுகளைப் பிரித்துத் திரும்பக் கட்டினோம். ஒவ்வொன்றையும் கட்டி முடித்து, குண்டைப் பிடித்து இழுத்தோம். கழன்று வரும்வரை உறையைத் தளர்த்தினோம். மாலையில் பெரியவர் வந்தார். ஒன்றை எடுத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். பிறகு நம்மோடு அமர்ந்து எஞ்சிய புளியோதரையில் சிறிது உண்டார். காரம் தாங்காமல் குளத்து நீரை அள்ளிக் குடிக்கப் போனவரைத் தடுத்துத் தயிர் கொடுத்தோம். மூன்றாம் இரவில் தூண்டில் போட்டோம். எதிர்க்கரை மரத்தின் பக்கம் போடவில்லை. திறந்த நீரிலேயே போட்டோம். மணி ஒருமுறைகூட ஒலிக்கவில்லை.

மறுநாள் காலையில் கணக்கு முடித்தார். வாடகைப் பணத்தில் இரண்டு ஈயக்குண்டுக்கு உரிய விலையைச் சேர்த்திருந்தார். நியாயம்தான், செடியில் போன இரண்டும் அவருடையவை. மீனின் உதட்டிலிருந்து எடுத்த கட்டில் இருந்த மூன்றாவது குண்டை நம் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். அதற்கு விலை வாங்கவில்லை. நம் நாலு சுற்று முடிச்சு அதன்மேல் அப்படியே இருந்தது, இன்றும் இருக்கிறது. மேசைமேல் வைத்திருக்கிறோம். இந்தப் பேச்சை எழுதும்போது மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறந்துவிடாமல் இருக்க அதைத்தான் மேலே வைத்துக்கொண்டோம்.